அரிப்பு – தொடர்பாக

எனக்கு முதலில் அரித்தது வலது உள்ளங்கை. நான் தாலுகா ஆபீசில் உதவியாளர். வருகிற மனுக்களை வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, சீல் குத்தி, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிடுவது என் வேலை. உள்ளங்கை அரிப்பு வந்த ஆள் உட்காருவதற்கு இதைவிட மோசமான நாற்காலி ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கிடையாது.

அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. பட்டா மாறுதலுக்கு மனு கொண்டுவந்த பெரியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். நான் மனுவைப் படித்தபடியே இடது கை நகத்தால் வலது உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, இடுப்பு வேட்டியில் எதையோ துழாவி, மடித்த நோட்டு ஒன்றை மனுவின் மேல் வைத்தார்.

“அய்யா, இதெல்லாம் வேணாம். எடுங்க முதல்ல,” என்றேன்.

எடுத்துக்கொண்டார். எனக்கு மறுபடி அரித்தது. மறுபடி சொறிந்தேன். அவர் பெருமூச்சு விட்டு, பழைய நோட்டோடு இன்னொன்றையும் சேர்த்து வைத்தார்.

“எங்கிட்ட இம்புட்டுத்தேன் இருக்குத் தாயி. பஸ்ஸுக்கு மட்டும் விட்டுருங்க.”

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் அன்று முழுக்கச் சிரித்தார். அதற்குப் பிறகு கையை மேசைக்கு அடியில் வைத்துச் சொறிந்தேன். “மேடம், மேசைக்கு மேல வச்சுச் சொறிஞ்சாக்கூட சந்தேகந்தான். அடியில கொண்டுபோனா உறுதியே பண்ணிருவாங்க,” என்று அவர்தான் எச்சரித்தார்.

கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து உள்ளங்கால், பிறகு முழங்கால், முதுகு என்று அது இடம் பிடித்தது. கொசுக்கடி மாதிரி ஓர் இடத்தில் தடித்துச் சிவந்து அரித்தால் விரல் வைக்க ஓர் இடம் இருக்கும். இது தோலுக்கு உள்ளே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில் எங்கேயோ ஊர்ந்தது. மேலே ஒரு புள்ளி கிடையாது. சொறியச் சொறிய என் நகம் போட்ட கோடுகள்தான் மிச்சம். காலையில் அடங்கியிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிளம்பும். உச்சிப்புளிக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டு, முன் சீட்டின் அடியில் இருக்கிற இரும்புக் கம்பியில் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வருவேன். தூக்கம் என்பது மற்றவர்கள் சொல்லக் கேட்கிற விஷயமாகிவிட்டது.

வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். என்னை ராமநாதபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் என் கையைத் தொடாமல், மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார்.

“வீட்ல வேற யாருக்கும் இருக்கா?”

“இல்ல சார்.”

“வரும்,” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

சொறிசிரங்குக்கு உண்டான லோஷன். கழுத்திலிருந்து கால்வரை இருவரும் பூச வேண்டும், துணிமணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலச வேண்டும். என் கணவர் பேச்சுக் கேட்கிற மனிதர். உடம்பு பூராவும் பூசிக்கொண்டு, சுவர் ஓரமாகக் கையை விரித்து நின்றார். எனக்கு ஒன்றும் குறையவில்லை. அதுவரை அரிப்பே இல்லாத அவருக்கு, லோஷன் பட்ட மூன்றாம் நாள் அரிக்க ஆரம்பித்தது. டாக்டர் சொன்னபடியே வந்துவிட்டது என்று அவருக்கு அந்த டாக்டர் மேல் மதிப்பு கூடியது.

அடுத்த டாக்டர் அலர்ஜி என்றார். மீன், நண்டு, கணவாய், கருவாடு, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஜன்னலைத் திறந்தால் கடல் வாடை அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு ஆறு மாதம் பீர்க்கங்காய் சாப்பிட்டேன். வாசலுக்கு வருகிற மீன்காரம்மாவுக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. “ஏம் மீனுல அரிப்பா? நேத்து வலையில வந்தத இன்னிக்குக் கொண்டாந்து தாரேன், என்னையவா சொல்றாக?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டு, அதன்பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கூவுவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த டாக்டர் கொடுத்த மாத்திரை என்னை ஆபீசில் தூங்க வைத்தது. அரிப்பு மட்டும் விழித்திருந்து வேலை பார்த்தது. அந்த மாதங்களில் எங்கள் பிரிவில் தடையில்லாமல் வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

இதற்குள் என் நாத்தனாருக்குத் தகவல் போய்விட்டது. கணவரின் அக்கா, அபிராமத்தில் இருக்கிறார். வயலும் மிளகாயும் போக மிச்ச நேரத்தில் சொந்தக்காரர்களின் உடம்பைக் கவனித்துக்கொள்வார். ஒரு மூட்டை மிளகாய் வற்றலோடு வந்து இறங்கி, என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

“இது நாக தோசம். ராமேசுரத்துல தீர்த்தமாடணும். நாளைக்கே கெளம்பு.”

கிளம்பினோம். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உண்மையிலேயே அரிப்பு அடங்கிவிட்டது. ஈரப் புடவையோடு நின்று நான் அழுதேன். நாத்தனார் என்னைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தங்கச்சிமடம் வரும்போது எனக்குக் கால் காய்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றினேன்.

“மதினி, திரும்ப வந்துருச்சு,” என்றேன்.

பாதிக் கதையில் இருந்த அவருக்குக் கோபம். “வர்ற வழியில நீ மனசுல என்னத்தையோ நெனச்சிருக்க,” என்றார்.

வியாதிக்குப் பெயர் கிடைத்தது தற்செயலாகத்தான். ஆபீசில் ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். எல்லோருக்கும் சர்க்கரையும் கொழுப்பும் கூடி இருந்தது. எனக்கு மட்டும் கல்லீரல் சம்பந்தப்பட்ட எண் ஒன்று தடித்த எழுத்தில் வந்தது. மதுரையில் கல்லீரல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். தாளை வாங்கிப் பார்த்த சூப்பரிண்டெண்ட் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில், “நீங்க... அதெல்லாம்... இல்லையேம்மா?” என்றார்.

“எதெல்லாம் சார்?”

“இல்ல, லிவர்னு போட்டிருக்கே.”

இந்த நாட்டில் நெஞ்சு வலித்தால் பரிதாபப்படுகிறார்கள். கிட்னி என்றால் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். லிவர் என்றால் மட்டும் விசாரணை வைக்கிறார்கள். நான் குடிக்கவில்லை என்று நம்பியவர்கள், அப்படியானால் என் கணவர் குடிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அவர் குடித்தால் என் கல்லீரல் எப்படிக் கெடும் என்று யாரும் யோசிக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் குறிப்பெடுத்த பயிற்சி டாக்டரும் நிமிர்ந்து பார்க்காமல் அவரைத்தான் கேட்டார்.

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“நான் பேஷண்ட் இல்லங்க. கூட வந்திருக்கேன்.”

“சரி, நிறுத்திட்டீங்களா?”

“ஆரம்பிக்கவே இல்லையே சார்,” என்றார் என் கணவர். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை நான் இன்றுவரை அவரிடம் விசாரிக்கவில்லை.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். இன்னும் பரிசோதனைகள் செய்துவிட்டு, என்ன வியாதி என்று பொறுமையாகச் சொன்னார். உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் கல்லீரலுக்குள் இருக்கிற சின்னச் சின்னப் பித்தக் குழாய்களைத் தாக்குகிறதாம். நடுவயதுப் பெண்களுக்கு வருவதாம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாதாம். என் கணவருக்கு உடனே புரிந்துவிட்டது. “நம்ம டிபார்ட்மென்ட் ஆளே ஃபியூசப் புடுங்கிட்டுப் போற மாதிரி,” என்றார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்.

ஆபீசில் ஆளுக்கொரு கட்டுக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஃபைல்களுக்குப் பக்கத்தில் அது காய்ந்து கிடக்கும்.

இப்படி ஒன்றரை வருடம் மதுரைக்குப் போய்வந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியாத ஒன்று உண்டு. அந்த ஒன்றரை வருடமும் அந்த டாக்டரிடம் நான் அரிப்பைப் பற்றிப் பேசவில்லை. அரிப்பு தோல் பிரிவு. இவர் கல்லீரல் பிரிவு. ஒரு பிரிவுக்கு உரிய மனுவை இன்னொரு பிரிவில் கொடுக்கக் கூடாது என்பதை இருபது வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். தவிர, கூச்சம். மதுரைக்குப் போகிற அன்று தேய்த்த புடவை, முழங்கைவரை மறைக்கிற ரவிக்கை, எண்ணெய் தடவி மறைத்த கீறல்கள். அவர் தாளைப் பார்ப்பார். “நம்பர் நல்லா இருக்கு. அதே மாத்திரை,” என்பார். நம்பர் நல்லா இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நான் நல்லா இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு போல இருக்கும். ஒரே ஒரு தடவை, எழுந்திருக்கும்போது, “கொஞ்சம் அரிக்குது சார்,” என்றேன். “வெயில் காலம். தேங்காய் எண்ணெய் தேய்ங்க,” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ‘கொஞ்சம்’ என்று சொன்னது நான்தான்.

ஓர் அம்மாவைச் சந்தித்தது அதற்கு அடுத்த முறை. காத்திருக்கும் கூடத்தில் எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரி ஃபைலின் அட்டை முனையால் உள்ளங்காலை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை தன்னால் வலது கையைச் சொறிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கும் கடிக்குதோ அக்கா?”

நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். “கொசுவா? இங்கன ஒண்ணயும் காணமே.”

அவர் சிரித்துவிட்டார். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலங்கையிலிருந்து சின்ன வயதிலேயே வந்தவராம்; மண்டபம் முகாமில் இருக்கிறார். அவர்கள் பேச்சில் கடிக்கிறது என்றால் அரிக்கிறது என்று அர்த்தமாம். அவருக்கும் பித்தக் குழாயில்தான் கோளாறு, பெயர் வேறு. அவர் கூச்சப்படாமல் முதல் தடவையே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

“உடம்பெல்லாம் ஒரே கடி டொக்டர், பொழுதுபட்டா இருக்க ஏலாமல் கடிக்குது எண்டு சொன்னனான். அவர் கொசுவலை கட்டச் சொன்னவர்.”

“கொசுவலையா?”

“வலை கட்டியும் கடிக்குது எண்டன். முகாம் ஆக்களுக்குச் சொல்லி மருந்து அடிக்கச் சொல்லுங்கோ எண்டார். நானும் போய்ச் சொன்னன். எங்கட லைனுக்கு மட்டும் மூண்டு தரம் வந்து புகை அடிச்சவை. பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் எனக்கு நன்றி சொல்லுது அக்கா, கொசு இல்லாமல் நல்லா நித்திரை கொள்ளுகினமாம்.”

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எங்களை அதட்டிவிட்டுப் போனார். சிரித்து முடித்ததும் அந்த அம்மா முந்தானையை ஒதுக்கிக் கழுத்துக்குக் கீழே காட்டினார். என் ரவிக்கைக்குள் இருந்த அதே கோடுகள். இரண்டு வருடத்தில் நான் பார்த்த, என்னுடையது போன்ற முதல் தோல் அது.

“நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லுவம்,” என்றார்.

“சொன்னா வேலைக்காகாது. எழுதிக் கொடுப்போம்,” என்றேன்.

கைப்பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள் எடுத்தேன். அரசு ஊழியர் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம்தான். அதில் எழுதினேன். ‘பொருள்: உடல் அரிப்பு – இரண்டு ஆண்டுகளாகத் தொடர்வது – தோலில் தடிப்பு ஏதுமில்லாதது – உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.’ அதற்குக் கீழே, எங்கே ஆரம்பித்தது, எத்தனை மணிக்குக் கூடுகிறது, வாரத்தில் எத்தனை நாள் தூங்குகிறோம், இதுவரை பூசியது, நிறுத்தியது, விழுங்கியது எல்லாம். அந்த அம்மாவுக்கு எழுதும்போது, ‘கடி என்பது இவ்விடத்தில் அரிப்பு எனப் பொருள்படும்’ என்று ஒரு விளக்கக் குறிப்பும் சேர்த்தேன்.

டாக்டர் தாளை வாங்கியதும் முதல் வரியில் சிரித்துவிட்டார். இரண்டாவது பத்திக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவின் தாளில் விளக்கக் குறிப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கொசுவலை...” என்றார் மெதுவாக.

“கட்டினனான் டொக்டர். நல்ல வலை,” என்றார் அந்த அம்மா.

நர்ஸைக் கூப்பிட்டு எங்கள் முதுகைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஏம்மா, ஒன்றரை வருஷமா வர்றீங்க. ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல சார்.”

அந்த அறையில் நான் பேசிய உருப்படியான வாக்கியம் அதுதான். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. “ஆமா, கேட்டிருக்கணும்,” என்றார். பித்தநீர் ஒழுங்காக வடியாதபோது அதோடு சேர்ந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் தங்கி நரம்பைத் தூண்டிவிடுகிறது, அது எதுவென்று இன்னும் முழுசாகத் தெரியாது, உள்ளங்கை உள்ளங்காலில்தான் அதிகம் இருக்கும், மாலைக்கு மேல் கூடும், மேலே தடவுகிற மருந்து இதற்குப் பெரிதாக எடுபடாது என்றெல்லாம் விளக்கினார். ரத்தப் பரிசோதனை நம்பர் நன்றாக இருந்தாலும் அரிப்பு கடுமையாக இருக்கலாமாம். இதற்கென்று தனி மருந்துகள் உண்டாம். கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனதில் எதையும் நினைத்து நாங்கள் இதை வரவழைக்கவில்லை என்பதற்கு ஒரு படித்த மனிதர் சாட்சி சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு பவுடர் கொடுத்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அது கரையாது. அரியமான் கடற்கரை மணலை ஆரஞ்சு மிட்டாயோடு கலக்கிக் குடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். மற்ற மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, மணிக்கணக்கில் இடைவெளி விட வேண்டும். அந்த அம்மாவுக்கு அதிலேயே பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எனக்குப் போதவில்லை. அடுத்த முறை ஒரு சிவப்பு கேப்சூல் எழுதினார். “சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க. இடையிடையே ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும்,” என்றார். அது காசநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்பதையும் சொன்னார். அந்தத் தகவலை அவர் எனக்கு மட்டும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மற்றவர்களுக்கெல்லாம் சொன்னார்.

“எத்தனை நாளா இருமல்க்கா?” என்று சீட்டைப் பார்த்தபடி உரக்கக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை ஓர் அடி பின்வாங்கியது.

“இருமல் இல்ல தம்பி. அரிப்பு.”

“அரிப்புக்கு இதத் தர மாட்டாகளே,” என்றார்.

வாரக் கடைசிக்குள் செய்தி அபிராமம் போய்விட்டது. நாத்தனார் வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்திருந்தார், அடையாளத்துக்கு அதில் சிவப்பு நூல் சுற்றி.

“மதினி, எனக்கு டி.பி. இல்ல. இது பித்தத்துல வர்ற அரிப்புக்கு.”

“சரித்தா, சரித்தா. நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்.”

“இல்லாததச் சொல்லாம இருக்குறதுக்கு ஏன் இம்புட்டு மெதுவாப் பேசுறிய?” என்று கேட்டேன். அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

ஆனால் கேப்சூல் வேலை செய்தது. இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம், ஆபீசில் மணி ஐந்தே கால் ஆகியிருந்தது. நான் கால்மணி நேரமாகச் செருப்பைக் கழற்றவில்லை என்று திடீரென்று கவனித்தேன். பயந்துபோய்க் காலைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கால் சும்மா இருந்தது. அரிப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வெயிலில் நின்றால், புழுக்கமான நாளில், இன்றும் எட்டிப் பார்க்கும். பத்துக்கு ஒன்பது இருந்தது இரண்டு, மூன்று என்று இறங்கியது. அந்தக் கணக்கு டாக்டர் கற்றுக்கொடுத்தது. அவர் இப்போது யார் உள்ளே போனாலும் முதலில், “அரிப்பு இருக்கா? பத்துக்கு எத்தனை?” என்றுதான் கேட்கிறார். மஞ்சள் காமாலை சரியாகிவிட்டது என்று சொல்லி இனிப்புக் கொடுக்க வந்த ஒருவரையும் கேட்டுவிட்டார்; அவர் வெளியே வந்து எங்களிடம், “எனக்கு அரிக்கணுமா?” என்று கவலையோடு விசாரித்தார். இதனால் வரிசை நகர முன்னைவிட அரைமணி நேரம் கூடுதலாகிறது. காத்திருக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொள்கிறோம்.

போன தடவை மதுரையிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். பகல் பஸ். மானாமதுரை தாண்டும்வரை அந்த அம்மா முகாமில் புகை அடிக்கிற ஆள் இப்போதும் தன்னைப் பார்த்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பரமக்குடிக்கு முன்னால் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்து, இரண்டு கையும் மடியில் அசையாமல். அவரை எழுப்பக் கூடாது என்று நான் அசையாமல் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் நினைவில்லை.

“ஏம்மா! ரெண்டு பேரும் எங்க எறங்கணும்?”

கண்டக்டர் சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது. பஸ் பாம்பன் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

“உச்சிப்புளி,” என்றேன்.

“மண்டபம்,” என்றார் அந்த அம்மா, கண்ணைக் கசக்கியபடி.

“ரெண்டும் போயி எம்புட்டு நேரமாச்சு! கத்துனேனே, காது கேக்கலயா? எப்பிடித்தான் இந்தப் பகல்ல இம்புட்டுத் தூக்கம் தூங்குறியளோ!”

ஒரு பஸ் நிறைய ஆட்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவருடைய கன்னத்தில் என் புடவையின் கரை பதிந்திருந்தது.

“திட்டுறார் அக்கா,” என்றார் சந்தோஷமாக.